கடற்கரைப் பாதையில் விழுந்த மாப்பிள்ளை

பாளையங்கோட்டை
16-1-1912

சிரஞ்சீவி தங்கை நீலாம்பாளுக்கு அண்ணன் நாறும்பூநாதன் ஆசீர்வாதம். இவ்விடம் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இதை அப்பா, அம்மாவிடம் வாசித்துக் காட்டாதே.

உனக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பூதலிங்கத்தோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்கச் சொன்னாயே. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு சைக்கிளில் திருச்செந்தூருக்குப் புறப்பட்டோம். அவசரமே இல்லை. மருதூர்க் கால்வாய்க் கரையிலேயே பைய மிதித்தோம். இருபுறமும் கதிர் சாய்ந்து கிடந்தது. ஆழ்வார்திருநகரியில் ஆற்றில் குளித்து, கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றோம். தாம் வேலை பார்க்கும் தாலுகா கச்சேரியில் மேலதிகாரி தூங்கி விழுவதை நடித்துக் காட்டினார். எனக்குப் புரையேறிவிட்டது. உனக்கு ஏற்றவர்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஆறுமுகனேரி தாண்டிக் கடற்கரைப் பாதைக்கு வந்தோம். முன்னால் போனவரின் சைக்கிள் திடீரென்று கோணிக்கொண்டு பனங்காட்டுக்குள் இறங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தால் மணலில் கிடக்கிறார். கைகால் வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. காக்காய் வலிப்பு. சுள்ளி பொறுக்க வந்த மாரிக்கண்ணு என்பவள், "ஐயா, இரும்பு எதையாச்சும் கையில குடுங்க!" என்று கத்தினாள். சைக்கிள் திருப்புளியை அவர் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தெளிந்தபின், "உம்ம தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம் வே. கல்யாணத்துக்குப் பொறவு நானே சொல்லுதேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் போய்க் கீழே கிடந்த அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். பந்தக்கால் நடும் நாள் நெருங்கிவிட்டது. அப்பாவிடம் சொல்லட்டுமா? நீயே சொல்.

நாறும்பூநாதன்

அம்பாசமுத்திரம்
18-1-1912

அண்ணாச்சிக்கு நீலாம்பாள் நமஸ்காரம்.

கடிதத்தை வாசித்து அடுப்பில் போட்டேன். "கண்ணு ஏன்ட்டீ செவந்திருக்கு?" என்று அம்மா கேட்டாள். புகை என்றேன்.

அப்பாவிடம் இப்போது சொல்லவேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். கண் விழித்ததும் அவர் முதலில் என்ன பேசினார்? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

நீலாம்பாள்

பாளையங்கோட்டை
20-1-1912

நீலாம்பாளுக்கு,

"யாரும் பாத்தாவளா வே?" இதுதான் முதல் பேச்சு. மாரிக்கண்ணு பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் முகத்தை மணல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர்மேல் கோபப்படாதே அம்மா. சின்ன வயதிலிருந்தே, வலிப்பு வந்தால் வீட்டில் கதவைத்தான் முதலில் சாத்துவார்களாம்.

நாறும்பூநாதன்

அம்பாசமுத்திரம்
22-1-1912

அண்ணாச்சிக்கு,

கோபம் இல்லை. பயந்தான். வலிப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் ஆயுசு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு காவல் நிற்க என்னால் ஆகாது. அவரே இங்கே வந்து அப்பாவிடம் சொல்லட்டும். சொன்னால் கழுத்தை நீட்டுகிறேன். வராவிட்டால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீங்களே அப்பாவுக்கு எழுதிவிடுங்கள்.

நீலாம்பாள்

பாளையங்கோட்டை
24-1-1912

நீலாம்பாளுக்கு,

நீ எழுதியதை நேற்று அவரிடம் சொன்னேன். இன்று விடிந்ததும் சைக்கிளில் தனியாகப் புறப்பட்டுவிட்டார்.

"ரயில்ல போவும் வே. வழியில வலிப்பு வந்துட்டா என்ன செய்வீரு?" என்றேன்.

"ரயில்ல போனா சட்டுன்னு ஊரு வந்துரும். வழி நெடுவ சொல்லிப் பாத்துக்கிட்டே போவணும்" என்றார்.

வழியில் கன்னடியன் கால்வாய் கரை தளும்ப ஓடுகிறதாம். நான் தடுத்திருக்க வேண்டுமா? வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை. வந்து சேர்ந்தாரா? உடனே எழுது.

நாறும்பூநாதன்

அம்பாசமுத்திரம்
25-1-1912

அண்ணாச்சிக்கு,

நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வழியில் விழுந்தாரா, நான் கேட்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா. உங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணம் இல்ல. போயிட்டு வாங்க" என்றுவிட்டார் அப்பா.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். "எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் சம்மதிக்கேன்" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அழுதுகொண்டே உள்ளே போய் இலை போட்டாள்.

அவர் சாப்பிட்டார். அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். திடீரென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை பாதியில் நின்றது. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. கொஞ்சம் உப்பு வேணும்" என்றார்.

அப்பாதான் எழுந்து போய் எடுத்துவந்து வைத்தார்.

நீலாம்பாள்