நான் எழுதிக்கொடுத்த சீட்டு

மேரிவேல், ஃபீனிக்ஸ்
நவம்பர் 23, ஞாயிறு

தம்பி ஃபெர்மினுக்கு,

அண்ணி ஹெர்லிண்டா எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் இதை என்னால் வாயால் சொல்லியிருக்க முடியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எல்லை தாண்டி மெக்சிகோவில் கபோர்கா பக்கம் சரக்கு ஏற்றிப்போகும் நாச்சோவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வேலை செய்கிற டயர் கடையில் வேறு யார் கையிலும் கொடுக்காதே, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கோபம் வந்தால் கிழித்துப்போடு. ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அத்தைக்குச் சாப்பாடும் குறைந்துவிட்டது. இங்கே போன வாரம்தான் குளிர் தொட்டது. எல்லாரும் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கிறார்கள். வீடெல்லாம் கருகின நாற்றம் அடிக்கிறது என்று நம் ஏசி ரிப்பேர் நம்பருக்குக் காலையில் ஏழெட்டுப் போனாவது வரும். "அது கோடை முழுக்கப் படிந்த தூசிங்க, ஜன்னலத் திறந்து வைங்க, அரை மணில போயிடும்" என்று நானே சொல்லி வைத்துவிடுகிறேன். போய்ப் பார்க்க ஆள் இல்லை.

அந்தப் பெரிய ஏசி கம்பெனிக்காரர் நம் தொழிலை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். நம் போன் நம்பரும் உன் அண்ணன் பெயரும் அவர்களுக்கு வேண்டுமாம். வண்டியில் 'ராமிரோ' என்று அப்படியே இருக்குமாம், உள்ளே ஆள் மட்டும் அவர்களுடையவர்களாம். எங்கள் பையன்கள் எந்த நேரமும் கூரைக்கு அடியில் இருக்கிற பரணில் ஏறுவார்கள், ஐஸ் வைத்த சட்டை கொடுத்திருக்கிறோம் என்றார். "கீழ நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுறது யாரு?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, போனைப் பார்த்துக்கொண்டார். இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் இல்லை என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

உன் பரீட்சைத் தாள் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, தம்பி. ஏசியில் அடைக்கிற அந்தப் புதுக் கேஸ் வகுப்புக்குப் போனாயே, அதில் நீ தேறிவிட்டாய். முத்திரை போட்ட அட்டை, உன் பெயர் பெரிதாக. நான் அதை மேசை டிராயரில், துணிக்கு அடியில் மறைத்து வைத்தேன். ஏன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. நேற்று அத்தை கத்தரிக்கோல் தேடிப்போய் அதை எடுத்துவிட்டார்கள். "இந்த அட்டைக்காகத்தான் என் மூத்தவன் செத்தான். சின்னவன் குளுகுளுன்னு கிளாஸ் ரூம்ல உக்காந்து இதை வாங்குனான்" என்று சொல்லி, குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்தார்கள்.

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு மாதமாக அடைத்து வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே சமையலறையில் நின்றபடி சொன்னேன். அதையே இப்போது உனக்கும் எழுதுகிறேன்.

ஜூலை பதினேழாம் தேதி. நூற்றுப் பதினாறு டிகிரி வெயில். வழக்கம்போல உன் அண்ணன் உன்னோடு விடியற்காலையில் போய் இரண்டு பரண் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து குளித்தார். நீ அங்கிருந்தே வகுப்புக்குக் கிளம்பிவிட்டாய். உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். "இருபத்திரண்டு வருஷமா தீப்பிடிக்காத கேஸை அடைச்சுக்கிட்டு இருந்தோம். இப்போ தீப்பிடிக்கிற கேஸ் கொண்டுவந்திருக்கானுங்க. அதுக்கு ஒரு பரீட்சை, அதுக்கு என் தம்பி பேனா வாங்குறான்!" அந்த வகுப்புக்கு உன் பெயரைக் கொடுத்ததே அவர்தான், அது உனக்குத் தெரியுமா? "இனிமே வர்ற மெஷின் எல்லாம் அவன் காலம், நான் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடுமாம்.

பன்னிரண்டரைக்குக் கால்வின் என்ற பெரியவர் பக்கத்து ஊர் பியோரியாவிலிருந்து கூப்பிட்டார். மனைவி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறவர். ஏசி நின்றுவிட்டது, ஹால் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றார். சொட்டுகிறது என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குத் தெரியும், தம்பி. பதினெட்டு வருஷமாக இந்தப் போனை எடுக்கிறேன். சீலிங்கில் தண்ணீர் என்றால் பரணில் இருக்கிற மெஷினின் வடிகால் குழாய். அது பரண் வேலை. நம் வீட்டுச் சட்டம் என்ன? கோடையில் பத்து மணிக்கு மேல் பரண் கிடையாது. ஒருவர் மேலே என்றால் ஒருவர் கீழே, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலே இருந்து பதில் வராவிட்டால் ஏணியில் ஏற வேண்டும். நீ கூப்பிடுவாய், "இன்னும் சாகலடா, கத்தாத" என்று அவர் பதில் கொடுப்பார்.

நான் நாளைக்குக் காலையில் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியவர், "பெரிய கம்பெனில ரெண்டு மணி நேரத்துல ஆள் அனுப்புறோம்னு சொல்றாங்கம்மா. ஆனா நான் உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டேன்" என்றார். அந்த வாரத்தில் மட்டும் நம் பழைய வாடிக்கை வீடுகள் மூன்று அவர்கள் பக்கம் போயிருந்தன. நான் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

வேலைச் சீட்டில் 'வெளி யூனிட் ஓடவில்லை' என்று எழுதினேன். பரண் என்று எழுதியிருந்தால் உன் அண்ணன் அசைந்திருக்க மாட்டார். பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தேன். "வெளி யூனிட்டா, நிழல் இருந்தா சரி" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்கு அங்கிருந்து போன் போட்டார். "என்ன ஹெர்லிண்டா, வெளி யூனிட்டுன்னு எழுதியிருக்க, இங்க ஹாலுக்குள்ள மழை பெய்யுது!" அந்தாள் அப்படித்தான் சொன்னார் என்று மறுபடியும் பொய் சொன்னேன். வடிகால் குழாயை வெளியே இருந்து உறிஞ்சிப் பார்த்தேன், அடைப்பு போகவில்லை, குழாய் மேலேதான் எங்கேயோ கழன்றிருக்கிறது, நாளைக்கு ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பவா என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார், தம்பி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுதாம். அங்கதான நிக்கிறீங்க, ஒரு எட்டு ஏறிப் பாத்துட்டு வந்துடுங்களேன். விட்டுட்டு வந்தா அந்தப் பெரிய கம்பெனி ஆள் வந்துடுவான்."

அவர் சிரித்தார். "சரிங்க முதலாளியம்மா. பத்து நிமிஷம். தம்பி இல்லல்ல, நீயே போன் போட்டுக் கூப்பிட்டுக்கிட்டே இரு."

கீழே நின்று கூப்பிட வேண்டிய வேலை அன்றைக்கு உன்னுடையது இல்லை. என்னுடையது. அவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறினார்.

முதல் தடவை கூப்பிட்டேன், எடுத்தார். "பரண்ல கொட்டியிருக்கிற பஞ்சுக்குள்ள நீந்துறேன், அப்புறம் பேசு" என்றார். அடுத்து வேறு ஒரு வீட்டிலிருந்து போன், குழந்தை அழுகிற சத்தம், ஏசி நின்று இரண்டு நாளாயிற்று என்று அந்தப் பெண் என்னைத் திட்டினாள். அவளைச் சமாதானம் பண்ணுவதில் மறந்துபோனேன். மூன்று மணிக்குக் கால்வின் கூப்பிட்டார். சந்தோஷமாகப் பேசினார். ஏசி ஓட ஆரம்பித்துவிட்டதாம், வீடு குளிர்ந்துவிட்டதாம், மனைவி தூங்கிவிட்டாளாம். உங்கள் வீட்டுக்காரரைக் காணோம், டிரக் மட்டும் நிற்கிறது என்றார். நான், "வண்டில உக்காந்து பில் எழுதிக்கிட்டு இருப்பாருங்க" என்றேன். இன்னும் கால் மணி அப்படிப் போயிற்று. கால்வினை மறுபடி கூப்பிட்டு ஏணிப்பக்கம் போய்ப் பாருங்கள் என்று கத்தியபோது மூன்றேகால்.

வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். மேலே நூற்றைம்பதுக்கு மேல் இருந்ததாம். கீழே அவர் சரி பண்ணின மெஷினின் குளிர்ந்த காற்றில் எல்லாரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

அடக்கத்தன்று அத்தை உன் சட்டையைப் பிடித்து, "கீழ நின்னு கூப்பிட வேண்டியவன் எங்கடா போன?" என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். அண்ணி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாய். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். போனை அணைத்து வைத்திருந்தேன் என்று சொல்லிச் சொல்லி நீ அழுதாய். வகுப்பில் அணைக்கச் சொன்னார்கள், அணைத்தாய், அதில் என்ன தப்பு? அன்றைக்கு உன்னை யாரும் கூப்பிடவே இல்லை, தம்பி. அவர் கூப்பிட்டது என்னை. நீ பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, போனது போகட்டும், இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தை எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்கார்ந்தார்கள். "அப்போ என் சின்னவனை நான் எதுக்குடி விரட்டுனேன்?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அடுப்பைப் பார்த்துக் கேட்டார்கள். பிறகு அந்த அட்டையை ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டு, "எழுது. நீதான் எழுதணும். நான் கூப்பிட்டேன்னு எழுதாத, கூப்பிட எனக்கு எந்த மூஞ்சி இருக்கு" என்றார்கள். எழுதாதே என்று சொன்னதையும் எழுதிவிட்டேன். இன்று காலை என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. அது நியாயம்தான்.

கால்வின் வாரம் தவறாமல் போன் போடுகிறார். பரணில் இருக்கிற மெஷினை எடுத்துவிட வேண்டுமாம். நீ சொல்வாயே, சுவரில் மாட்டுகிற மாதிரி, சூடும் குளிரும் அதிலேயே வருகிறது, பரணில் யாரும் ஏறவே வேண்டாம் என்று. உன் அண்ணன் அதைப் பொம்மை ஏசி என்று சிரிப்பார். அதுதான் அவருக்கு வேண்டுமாம். "அவர் தம்பி வந்து மாட்டட்டும், அதுவரைக்கும் போர்வை இருக்கு" என்கிறார். அவர் தெருவிலேயே இன்னும் நாலு வீட்டில் கேட்கிறார்கள். புதுக் கேஸ் தெரிந்த ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் பரண் கிடையாது என்று நான் இப்போது முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். சிலர் சரி என்கிறார்கள்.

வேலைக்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. உன்மேல் பழி இல்லை என்று சித்தப்பா வீடு, கோவிலில் நமக்குத் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் நானே ஒவ்வொருவராகச் சொல்லப் போகிறேன். உன்னோடு நேரில் ஒருமுறை உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்க்க முடியாது என்றால் நாச்சோவிடம் சொல்லியனுப்பு, நீ வருகிற நாளில் நான் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். அத்தையை மட்டுமாவது வந்து பார். வர முடியாவிட்டால் என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது. உன் கையெழுத்தில் என்ன வந்தாலும் நான் வைத்துக்கொள்வேன்.

அங்கேயும் வெயில் கொடூரம்தான். உச்சிப் பொழுதில் டயர் கழற்றாதே, தண்ணீர் குடி. எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேல் நிழல் இருக்கட்டும், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அண்ணனின் மனைவி,
ஹெர்லிண்டா