படுக்கையில் போட்ட செருப்பு

ராத்தா,

உங்கள் அலுமாரியை இன்றுதான் துணிந்து திறந்தேன். பூச்சி உருண்டை வாசனைக்குப் பின்னால் றப்பர் வாசனை வந்தது. கீழ்த்தட்டில் நீல வார் வைத்த செருப்புச் சோடி, பழைய சேலைத்துண்டு ஒன்றில் சுற்றியபடி இருந்தது. வார் நைந்து போயிருந்தது, ஆனால் அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. தெருவுக்கே போகாத செருப்பு அது. நீங்கள் அதைப் படுக்கையில் மட்டும்தான் போட்டீர்கள்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த காலையில் உங்கள் புருஷன், என் மச்சான், தோணியை இழுத்துக் கட்டப் போனார். நீங்கள் வெறுங்காலோடு ஊருக்குள் ஓடினீர்கள். கண்ணாடியும் தகரமும் பாதத்தைக் கிழித்தன. காயம் ஆறியது, மச்சான் வரவில்லை. அடக்குவதற்கு அவருடைய மையித்தும் கிடைக்கவில்லை. நான் அப்போது கண்டியில் படித்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து பார்த்தபோது உங்கள் கால்களில் கட்டு, கட்டுக்கு மேலே செருப்பு. "இன்னொருக்கா வந்தா ஓட வேணுமே" என்றீர்கள், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில்.

பிறகு ராத்தாவும் தங்கச்சியுமாக நம் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கட்டில். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்தாலும் செருப்போடுதான். நான் முறைப்பேன். "பெட்சீற்றுக்கு ஒண்டும் வராதுடி, கழுவிப்போட்டுத்தான் போட்டன்" என்பீர்கள். உங்கள் கால்விரல்கள் அந்த வாரை இறுக்கிப் பிடித்தபடியே இருப்பதைப் பக்கத்தில் படுத்திருந்து பார்ப்பேன். குசினியில் ஒரு மூடி விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். இன்று கடல் நல்ல அமைதி என்று மீன்காரர் சொன்னால் அதற்கும் உங்கள் முகம் வெளுக்கும்.

நம் ஊரில் கணவன் மௌத்தானால் மனைவி வெள்ளை உடுத்து, நான்கு மாதங்களுக்கு மேல் வீட்டுக்குள் இத்தா இருப்பாள். அழுவாள், ஓதுவாள், தூங்குவாள். தவணை முடிந்ததும் குளித்து வெளியே வருவாள். நீங்கள் அப்படி இருக்க மறுத்தீர்கள். கடல் கொண்டுபோனவர்களை மௌத்தானவர்களாகவே கொள்ளலாம் என்று மௌலவி வந்து சொல்லிப் பார்த்தார். "மையித்தக் காணாம நான் இத்தா இருந்தா, நானே அவர மௌத்தாக்கின மாதிரி" என்றீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் உடுத்த சாரனைக் கழுவிக் காயப்போட்டீர்கள். உங்களோடு கதைத்து வெல்ல யாரால் முடியும்?

வருடங்கள் போகப் போக உடம்பு மாறியது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்தது. சீனி வந்தது, பிரஷர் வந்தது. கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைக் காணவில்லை என்று அழுதீர்கள். கண்ணூறு என்று ஒரு மாமி ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். அதையும் குடித்தீர்கள், ஆஸ்பத்திரிக் குளிசையையும் போட்டீர்கள்.

நான் உயிரியல் ரீச்சர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் நீங்கள் இறால் உரித்துக்கொண்டிருக்க, அடுத்த நாள் பாடத்தை உங்களிடமே நடத்தினேன். பயம் வந்ததும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனை விடுகிறது. அது இரத்தத்தோடு ஓடி, உடம்பு முழுக்கத் தன்னை வாங்கிக்கொள்ளவென்றே இருக்கும் வாங்கிகளில் போய் அமர்கிறது. ஈரலில் அமர்ந்தால், ஓடுவதற்குத் தேவையான சீனி வெளியே வருகிறது. மூளையிலும் அதே வாங்கிகள் உண்டு. அங்கே போதிய அளவு அமர்ந்ததும் மூளை 'போதும், நிற்பாட்டு' என்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் வருடக்கணக்கில் பயந்துகொண்டே இருந்தால் அந்த 'போதும்' சரியாகக் கேட்காமல் போகலாம், ஞாபகத்தைக் காக்கிற இடமும் களைத்துப் போகலாம்.

நீங்கள் இறாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"அப்ப, ஓடினது முடிஞ்சிட்டு எண்டு என்ட மூளைக்கு இன்னும் ஆரும் சொல்லயில்லயா?"

"ஓம் ராத்தா. அப்படித்தான் நான் நினைக்கிறன்."

எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தீர்கள். "நான் இத்தா இருக்கப் போறன்."

ஊர் சிரித்தது. தலை நரைத்த பிறகு என்ன இத்தா? கடமையான காலம் எப்போதோ கடந்துவிட்டது, இனித் தேவையில்லை என்றார் மௌலவி, வாசலில் நின்று. "உங்களுக்குத் தேவல்ல மௌலவி, எனக்குத் தேவ" என்று உள்ளேயிருந்து பதில் போனது. செருப்பை அறைக்கு வெளியே கழற்றி வைத்தீர்கள். மச்சானின் சாரனை மடித்து என் கையில் தந்து, "இனிக் கழுவாத புள்ள" என்றீர்கள். அவருக்காக நாம் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. சீனி இறங்கவில்லை, உடம்பு பட்டது பட்டதுதான். கடைசியில் நெஞ்சு வலிதான் உங்களைக் கொண்டுபோனது. ஆனால் இத்தாவில் இருந்தபோது நீங்கள் பட்டப்பகலில் வெறுங்காலோடு படுத்துக் குறட்டை விட்டீர்கள். ஊருக்கே கேட்கிற குறட்டை! கதவருகே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. வெளியே வந்த பிறகு நீங்கள் செருப்பைத் தேடவில்லை. அதை ஏன் சுற்றிப் பத்திரமாக வைத்தீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன மாதம் கடற்கரைக் கோபுரத்தில் எச்சரிக்கைச் சைரனைப் பரிசோதித்தார்கள். முன்கூட்டியே அறிவித்ததுதான். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கரும்பலகையில் அந்தச் சுரப்பியைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். சோக்கட்டி உடைந்தது. குனிந்து பார்த்தேன். என் கால்விரல்கள் செருப்பு வாரை இறுக்கிப் பிடித்திருந்தன.

நான் அந்தக் கடலைக் காணவே இல்லை, ராத்தா. நான் கண்டதெல்லாம் பக்கத்தில் படுத்திருந்த உங்களைத்தான்.

புருஷனுக்காக இருக்க இத்தா உண்டு. ராத்தாவுக்காகத் தங்கச்சி இருப்பதற்கு மார்க்கத்தில் இத்தா இல்லை. மூன்று நாளோடு துக்கத்தை முடிக்கச் சொன்னார்கள், முடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். உங்கள் செருப்பு எனக்கு அளவாக இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அது என் காலில்தான் கிடக்கிறது.