பாப்பா தலைமேல் செய்த சத்தியம்

3-12, காலை

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு வளவன் எழுதுவது. செஞ்சியில் உன் அம்மா வீட்டில் நீயும் பாப்பா பூங்குழலியும் சுகம்தானே? இங்கே மழையில் டவர் சாய்ந்து போனும் இல்லை, கரண்டும் இல்லை. கண்டக்டர் இளையபெருமாளிடம் இதைக் கொடுக்கிறேன்.

ஏரிக்கரை மதகுப் பக்கம் கசிகிறது. நேர் கீழே ஊர்த்தெரு. மாட்டை விட்டுவிட்டுக் கிளம்ப ஒருவருக்கும் மனமில்லை. ஊராட்சித் தலைவர் தனசேகரன் காலனிக்கு வந்து நம் வாசலில் நின்று, "கர போவும்போது பறைய அடிச்சிடு வளவா, பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஓடிர்றோம்" என்கிறார். பறையைத் தொடமாட்டேன் என்று பாப்பா தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவன் நான். வாங்கினவள் நீ. நீதான் விடுவிக்க வேண்டும். சாயங்கால பஸ்ஸில் பதில் அனுப்பு.

வளவன்

3-12, மதியம்

பூங்குழலி நைனாவுக்கு,

நாங்கள் சுகம். தண்டோராக்காரன் பொண்ணு என்று வகுப்பில் கூப்பிட்டார்கள் என அவள் அழுதது மறந்துவிட்டதா? தண்டோராவே கூடாது என்று அரசாங்கம் சொல்லியாகிவிட்டது, உங்களுக்குத்தான் உறைக்கவில்லை. அந்தத் தெருவில் ஒருநாளாவது உங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்களா? பறையைத் தொட்டால் நாங்கள் திரும்பி வரமாட்டோம். சத்தியம் சத்தியம்தான்.

கரைப் பக்கம் தனியாகப் போகாதீர்கள்.

ஜெயஸ்ரீ

5-12

ஜெயஸ்ரீ,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டேதான் அடித்தேன். நேற்று விடியலில் கரை இளகிவிட்டது. சாவுப் பறை என்று நினைத்து முதலில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. கோடி வீட்டு ரத்தினம்மாள் மட்டும் உள்ளேயிருந்து, "யாருப்பா பூட்டாங்க?" என்றார். "யாரும் போவல, ஏரி போவுது, எழுந்து வாங்க" என்று வாசல் வாசலாகக் கத்திக்கொண்டே அடித்தேன். கரை உடைவதற்குள் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மாடுகள்தான் சில போயின.

பாதை அறுந்து பஸ் வரவில்லை. சைக்கிளில் செஞ்சிக்கு வருகிறவரிடம் கொடுத்திருக்கிறேன். நீ வராவிட்டாலும் போகட்டும். சத்தியத்தை மீறிவிட்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏதாவது உண்டா? பயத்தில் சோறு இறங்கவில்லை. அதை மட்டும் எழுது.

வளவன்

5-12, சாயங்காலம்

பூங்குழலி நைனாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். தோசை போதாது என்று சண்டை போடுகிறாள்.

அன்று கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தெருவிலும் கைக்குழந்தைகள் இருக்கின்றன. அன்று ராத்திரியே மாரியம்மன் கோயிலில் பாப்பா தலையைச் சுற்றித் தேங்காய் உடைத்து, சத்தியத்தை எடுத்துவிட்டேன். சொல்லி அனுப்பத்தான் அதற்குப் பிறகு பஸ் இல்லை. நீங்கள் அடித்தபோது உங்கள்மேல் எந்தச் சத்தியமும் இல்லை. சாப்பிடுங்கள்.

கரையில் சைரன் வைக்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. தனசேகரன் முதல் கையெழுத்துப் போடட்டும். வாசலில் நின்று இல்லை. நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போடட்டும்.

குடித்தால் எழுதுங்கள். வருகிறோம்.

ஜெயஸ்ரீ