வண்டி நலம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் வண்டி நலம். நீ விசாரிப்பது அதை மட்டும்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

கெடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். டீசலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் வண்டி என்று ஒப்படைத்துவிட்டு வெளிநாடு போனாய். ஊருக்குள் பேட்டரியே பார்த்துக்கொண்டது. என்ஜின் அவ்வப்போது ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிவிடும். டீசல் செலவே இல்லை என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். கடைசியில் மேம்பாலத்தின் நடுவில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே நம் பரம்பரையை விசாரித்தார்கள்.

“டீசல் என்ஜின் நல்லா சூடேறினாத்தான்க்கா புகை வடிகட்டியில சேர்ற கரி எரியும், இல்லன்னா அடைச்சு வண்டி நின்னுடும். நீங்க தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிருக்கீங்க. வாரம் ஒருக்கா நெடுஞ்சாலையில விரட்டுங்க” என்றார் மெக்கானிக்.

அதற்கு நீ போனில் கத்திய கத்து! வடிகட்டி, பேட்டரி, மறுபடி வடிகட்டி. என் பக்கத்தில் உன் பெண்டாட்டி நின்றாள். பேசக் கையைக்கூட நீட்டிவிட்டாள். “சரிக்கா, வண்டியைப் பாத்துக்கோ” என்று வைத்துவிட்டாய். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் உன் காதைத் திருகிக் கையில் கொடுத்திருப்பேன்.

இப்போது வாராவாரம் நெடுஞ்சாலை. அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறேன். முதலில் அழுதாள். பிறகு என் வம்புக்குச் சிரித்தாள். இப்போது இரண்டும் இல்லை, சாலையை மட்டும் பார்க்கிறாள். போன வாரம் திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தாள். சொன்னேன். “தெரியும்க்கா” என்றாள்.

அடுத்த மாதம் முதல் தனியாகவே போகிறாளாம். டேங்கை மட்டும் நிரப்பித் தரச் சொல்கிறாள். போகாதே என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? பேட்டரி தீர்ந்தாலும் டீசல் கைவிடாது, ஒரே மூச்சில் எவ்வளவு தூரமும் போகும் என்று நீதானே பெருமையடித்தாய்? அதை நினைத்துத்தான் டேங்கை இன்னும் முழுதாக நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிடு. என்னை வேண்டாம், அவளை. சாப்பிட்டாயா என்று கேள். வண்டி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. இரண்டு பேரும் நன்றாக இருக்கவேண்டும்டா, மடையா.

கோபம் ஆறாத,
அக்கா