வலப்பக்கக் கைப்பிடி

மயிலாப்பூர்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு அம்மா விசாலாக்ஷி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கக் கேசவப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "அம்மா, ப்ளீஸ்" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து முதியோர் குடியிருப்பின் படங்களைப் பார்த்தேன். தோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நீ அங்கே தூங்காமல் கிடப்பதும் எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை. வாசல் தாண்டாமல், எதைக் கேட்டாலும் "வேண்டாம்" என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்திருந்தவரை வீடியோவில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் படங்களைக் காட்டியபோது அப்பா "சரி" என்றார். எனக்குப் பொறுக்காதது அந்தச் "சரி"தான். காப்பியையே வேண்டாம் என்கிற மனிதர், வீட்டை விட்டுப் போவதற்குச் சரி என்கிறார் என்றால் மனசு விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே தீர்மானம் செய்தேன், இவரை மறுபடி கடற்கரையில் நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று.

துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்த காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பாவும் கலீமுல்லா மாமாவும் தூண்டிலும் கையுமாகப் பட்டினப்பாக்கம் போவார்களே, நினைவிருக்கிறதா? அகப்பட்டதை அப்பா திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். மாமா தன் பங்கைத் தேனாம்பேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி சகினாவிடம் கொடுப்பார். அந்தத் தூண்டிலை நான் ஒருநாளும் நம் வாசற்படி ஏற விட்டதில்லை. மாமா வீட்டில்தான் அதற்கு வாசம். இப்போது அது நம் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. நானேதான் ஆட்டோவில் கொண்டுவந்தேன். நீ மயக்கம் போட்டு விழாதே.

கம்பு திடமாக இருந்தது. ரீல்தான் அலசுவாரில்லாமல் உப்புப் பூத்து இறுகிப்போயிருந்தது, புதிதுதான் வாங்க வேண்டும். அது பெய்ட்காஸ்டிங் ரீல் என்ற வகையாம். தூண்டிலை வீசும்போது நூல் உருளை பம்பரமாகச் சுற்றும். கட்டைவிரலை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தி அடக்க வேண்டும். அசந்தால் நூலெல்லாம் குருவிக்கூடு. மாமா, "இன்னா மாமி, இதப் போய் வாங்கிக்கினு! ஸ்பின்னிங் ரீல் வாங்கிடலாம், சின்னக் கொழந்தகூட வீசும்" என்றார். அதைக் கேட்டதும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குழந்தை வீசுகிற சாமான் அவருக்கு வேண்டாம். சரி, பழைய வகைதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அங்கிருந்து உசத்தியான ரீல் அனுப்புகிறேன் என்று மாமாவிடம் சொன்னாயாமே. அனுப்பாதே. உள்ளே சக்கரத்தில் ஒரு சின்னப் பல் உடைந்தால் இங்கே யார் போடுவார்கள்? அடையாறில் ஒரு கடை இருக்கிறது. ரிப்பேரும் அங்கேயே செய்கிறார்கள். சாதாரண விலை, பகட்டு இல்லை, அடிக்கடி பழுது என்று வருகிறதில்லை என்று மாமா இரண்டு மூன்றைக் காட்டினார். நான் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன், உருளையைச் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டேன். கரகரப்பு இருந்தால் வேண்டாம் என்று தள்ளினேன். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி பார்க்கிறேன் என்று மாமா சிரித்தார். ஏன், சொத்தையைக் கண்டுபிடிக்கிறது எங்கேயும் ஒன்றுதானே? கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும் என்றும் சொன்னார்கள். மடி, ஆசாரம் என்று பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்தே கை தேய்ந்தவளிடம்!

இத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கும் நடுவில் ஒரு தப்புச் செய்தேன். இந்த ரீலில் கைப்பிடி ஒரே பக்கம்தான், கழற்றி மாற்ற முடியாது. அப்பாவுக்கு வலக்கை பலமில்லை, அதனால் இடக்கையால் சுற்றட்டும் என்று இடப்பக்கம் கைப்பிடி வைத்ததை வாங்கி வந்துவிட்டேன். மாமாவும் தலையை ஆட்டினார். மாட்டிக் கொடுத்ததும் அப்பா தூண்டிலை வலக்கையில் பிடித்தார். இடக்கையால் சுற்ற வேண்டுமென்றால் வலக்கைதானே பிடிக்க வேண்டும்? அது நழுவித் தரையில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா அழவில்லை. குனிந்து இடக்கையால் அதை எடுத்தார். அந்தக் கட்டைவிரலை உருளையின்மேல் வைத்தார். கைப்பிடி இல்லாத வலப்பக்கத்தைக் கண்ணால் காட்டி, "இங்க" என்றார். அத்தனை மாதத்தில் வேண்டாமும் சரியும் அல்லாத முதல் வார்த்தை, ரஞ்சனி. பலமான கை பிடித்துக்கொள்ளும், பலமில்லாத கை சுற்றினால் போதும். இது எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாளே கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

பிசியோதெரபிக்கு வரும் சாய்நாத், "பந்தை அமுக்கச் சொன்னா தூக்கிப் போட்டுடறார் மாமி, இதையாவது சுத்தட்டும்" என்கிறான். பெரிய மீன் மாட்டினால் அந்த வலக்கை தாங்குமா என்று மாமாதான் கவலைப்பட்டார். எப்படியும் விடப்போகிற மீன், கொஞ்சம் முன்னாடியே போகட்டுமே என்றேன்.

முதலில் மொட்டை மாடியில்தான் பழக்கம். கொக்கி கிடையாது, நூல் நுனியில் ஈயக்குண்டு மட்டும். எப்படி என்று பார்ப்போமே என்று நான்தான் முதலில் வீசினேன். குண்டு என் மோர்மிளகாய்த் தாம்பாளத்தில் போய் விழுந்தது, நூல் குருவிக்கூடாகிவிட்டது. அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணித்தான் சிரித்தார், ஆனால் சத்தமாக. பிறகு தானே வாங்கி இடக்கையால் வீசினார். அவர் ஜன்மத்தில் இடக்கையால் வீசினதில்லை. சிக்கிற்று. பிரித்தோம். மறுபடி சிக்கிற்று. வெயில் ஏறுகிறது, போதும் வாங்கோ என்று கூப்பிட்டால், "இன்னொண்ணு" என்கிறார். தினமும் அதே கதைதான். தினமும் இன்னொண்ணு.

நேற்றுக் காலை பட்டினப்பாக்கம் போனோம். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நாற்காலி. அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்று வீசினார். ரொம்ப தூரம் போகவில்லை. வலக்கை மெதுவாக, நின்று நின்று சுற்றியது. உதவப் போன மாமாவை முழங்கையால் தள்ளிவிட்டார். மீன் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு வந்து ரீலை நான் அலசி உலர்த்தினேன். சாமான் கொஞ்சம்கூட மக்கர் செய்யவில்லை.

எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதே. ராத்திரி அவர் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நான் பார்க்காத நாள் இல்லை. நாளைக்கே எனக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்றும் யோசிக்கிறேன். அதையும் உன்னிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் மனசு விட்டுப்போன மனிதரைப் பெட்டி படுக்கையோடு அனுப்புகிற மாதிரி அது நடக்கக் கூடாது. அப்பாவைக் கேட்டு, அப்பா வாயால் பதில் வந்து, அதன்படி நடக்கட்டும். மார்கழியில் நீ வருகிற வரை அந்தக் குடியிருப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. இது அம்மா உன்னிடம் கேட்கிற ஒரே உபகாரம்.

தூக்கக் கலக்கம் பார்க்காமல் வந்த மறுநாளே விடியற்காலையில் எழுந்து எங்களோடு கடற்கரைக்கு வா. நாற்காலியைத் தூக்க ஆள் வேண்டும், மாமாவுக்கு முழங்கால் வலி.

நீ தீர்க்க சுமங்கலியாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும். ரஞ்சனிக்கு எழுதுகிறேன், என்ன சொல்லட்டும் என்று அப்பாவைக் கேட்டேன். வழக்கம்போல வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். "வரச் சொல்லு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் வீசறதைப் பார்க்கணும்" என்றார்.

உன் அம்மா,
விசாலாக்ஷி