மந்திரித்த திரியும் இருபது முகப் பகடையும்

பிப்ரவரி 21, சனி

சாயங்காலம் விளையாட்டு பாதியில் நின்றது. ஆறரைக்குக் கரண்ட் போச்சு. அலமாரியில் கைக்கு அகப்பட்ட மெழுகுதிரியை ஏற்றி மேசை நடுவில் வைத்தேன். விளையாட்டில் என் சிநேகிதி ஜெனிஷா பூட்டைத் திறக்கிற திருடி, சிநேகிதன் முகேஷ் காயம்பட்டவரைக் குணமாக்கும் துறவி, நான் வழக்கம்போல் கதை சொல்கிறவள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே ஒரு நாட்டைக் கட்டி, இருபது முகப் பகடையை உருட்டிப் பிழைத்தோமா செத்தோமா என்று பார்ப்போம். மூன்று வருடமாகச் சனிக்கிழமை என்றால் இதுதான்.

கதையில் குகைப் பூதம் கண் விழிக்கிற நேரம் பார்த்து கிருபாகரன் அண்ணன் வாசலில் நிற்கிறார். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்குத் தலைவர். தவக்காலத்தில் அன்பியத்துச் சிலுவை வீடு வீடாகப் போகும், செபம் நடக்கும். என் வீட்டு முறை என்றைக்கு என்று கேட்க வந்திருக்கிறார். மேசையைப் பார்த்தார். விளையாட்டுப் புத்தகத்தின் அட்டையில் கொம்பு வைத்த பூதம். பகடை. திரி.

"டீச்சர்... என்ன இது?"

"விளையாட்டுண்ணே. உக்காருங்க, டீ போடுறேன்."

"வேணாம், வாரேன்." தேதிகூடக் குறிக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஆலன் ஃபாதர் அறைக்குக் கூப்பிட்டார். "புதுநன்மை வகுப்ப இந்த வருஷம் சிஸ்டர் பாத்துக்கட்டும், டீச்சர்."

பதினான்கு பிள்ளைகள். ஜூனிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஏப்ரலில் அவர்கள் முதல்முறை நற்கருணை வாங்கப்போகிற நேரத்தில் நான் வேண்டாமாம்!

கிருபாகரன் அண்ணன் எழுதியே கொடுத்திருக்கிறார். பிசாசுப் படத்துக்கு முன்னால் மந்திரித்த திரி ஏற்றிப் பூசை நடந்ததாம். பூசையாம்! முகேஷ் அப்போது பகோடா தின்றுகொண்டிருந்தான்.

"திருச்சபை இத விளையாடக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலம்மா. ஆனா பாக்குறவங்களுக்கு இடறலா இருக்குல்ல? அத விட்டுர்றேன்னு சொல்லுங்க, வகுப்பு ஒங்களுக்குத்தான்."

விடுகிறேன் என்றால் நான் பண்ணியது பாவம் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து திரியை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி கோயிலில் மந்திரித்துக் கொடுத்ததுதான். இடி மின்னலுக்கும் சாகக் கிடக்கிறவர் கையில் கொடுக்கவும் வைத்திருப்பது. இருட்டில் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்தான்.

அதற்காகப் பூசையா?

பிப்ரவரி 24, செவ்வாய்

பேய் சீரியல் பார்க்கலாம். போனில் ஆளைச் சுட்டு விளையாடலாம். உட்கார்ந்து கதை சொன்னால்தான் பிசாசு வந்துவிடும். நல்ல நியாயம்டா சாமி.

பிப்ரவரி 27, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிருபாகரன் அண்ணனிடம் பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவரே வந்து, "ஒங்களுக்காகச் செபிக்கிறேன் டீச்சர்" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அண்ணே, பாஸ்கா நாடகத்துல வருஷா வருஷம் ஏசுவக் காட்டிக்குடுத்த யூதாசா நடிக்கிறீங்களே, ஒங்களுக்குள்ள பிசாசு புகுந்துருச்சா? நீங்க நடிச்சா பக்தி, நான் நடிச்சா பாவமா?"

அத்தனை பேர் முன்னாலும். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நன்றாக வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெப்பக்குளம் தாண்டும்வரை ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

என் வகுப்பை ஜன்னல் வழியாகக் கேட்டேன். சிஸ்டர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அதுவும் எரிச்சல்.

மார்ச் 7, சனி

ஆலன் ஃபாதர் போன் பண்ணினார். கிருபாகரன் அண்ணன் இந்த வருஷம் யூதாசாக நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "டீச்சர் கேட்டது நியாயம்" என்றாராம்.

அட மனுஷா! நான் கேட்டது அதுக்கா? என்னை விளையாட விடுங்கன்னா, நானும் விளையாடலன்னு ஒதுங்குற ஆளை என்ன செய்வது? கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

மார்ச் 9, திங்கள்

பள்ளி விட்டதும் கோரிப்பாளையத்தில் அவருடைய ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பஸ் ஹாரன் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, நான் ஒங்கள நிறுத்தச் சொல்லிக் கேக்கல."

"தெரியும் டீச்சர். ஆனா பதினோரு வருஷமா அந்த முத்தம் குடுக்குற காட்சிக்கு முந்துன நாளே எனக்குச் சோறு எறங்காது. கை நடுங்கும். முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம வீட்டுக்குப் போனதில்ல. நடிப்புத்தானன்னு நான் ஒருநாளும் இருந்ததில்ல. நீங்க திரிய வச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டு இருந்தீங்க."

சுருக்கென்றது. "திரி விஷயத்துல தப்பு என்னுதுதாண்ணே. பாக்காம எடுத்துட்டேன்" என்றேன். இத்தனை நாளில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஆனால் விடவில்லை. "அம்புட்டு கஷ்டப்பட்டு எதுக்கு நடிக்கிறீங்க?"

காகிதக் கட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டே சொன்னார். "அவன் எடத்துல நின்னு பாத்தாத்தான், நாமளும் அப்படிச் செய்யக்கூடிய ஆளுதான்னு தெரியுது."

"அதேதாண்ணே! பிடிபட்ட எதிரியக் கொல்றதா விடுறதான்னு முகேஷ் முக்கால் மணி நேரம் தவிச்சான், தெரியுமா? அவன் வீட்டுல கருப்புசாமி கும்புடுற பய. நாங்களும் நின்னுதான் பாக்குறோம்."

காகிதக் கட்டை மேசையில் வைத்தார். பிறகு, "விட்டானா?" என்றார்.

"விட்டுட்டான்."

மனுவை மட்டும் திரும்ப வாங்க மாட்டாராம். "எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். கண்ணால பாத்தத எழுதுனேன்." என்ன பிடிவாதம்! எனக்குக் கொஞ்சமும் குறைவில்லை. "நீங்க நடிக்கலன்னா நானே தாடி ஒட்டிக்கிட்டு மேடை ஏறிருவேன்" என்று மிரட்டிவிட்டு வந்தேன். முதல்முறை சிரித்தார்.

மார்ச் 13, வெள்ளி

சிலுவை என் வீட்டுக்கு வந்தது. அவரே தூக்கி வந்து, அதே மேசையில் வைத்தார்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பாஸ்கா நாடகம். மேடைக்கு யூதாசாகக் கிருபாகரன் அண்ணனே வந்தார். முத்தம் கொடுக்கும்போது அந்தக் கையை மட்டும் பார்த்தேன். நிஜமாகவே நடுங்கியது. ஜெனிஷா என் தோளில் மூக்கைத் துடைத்தாள்.

ஏப்ரல் 18, சனி

விளையாட்டு உண்டு. எமர்ஜென்சி லைட் வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்றைக்குப் புதுநன்மை. வகுப்பு எனக்குத் திரும்பி வரவில்லை. எட்டாவது பெஞ்சில், யாரோ ஒருத்தி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெள்ளை உடுப்பில் என் பதினான்கு பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள், முன்னால் சிஸ்டர். நியாயமே இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

பிள்ளைகள் கையில் பிடிக்கும் திரிகளை ஏற்றுவது அன்பியத் தலைவர் வேலை. கிருபாகரன் அண்ணன் வரிசையை விட்டு நேராக என் பெஞ்சுக்கு வந்தார். கையில் எரிகிற திரி. கோயிலே திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், எந்திரிங்க. நீங்க பத்த வைங்க."

"என் கையாலயாண்ணே?"

"ஒங்க பிள்ளைகதான?" திரியை என் கையில் வைத்தார். "மந்திரிச்சது. பாத்துப் பிடிங்க."

பதினான்காவது பிள்ளை வரைக்கும் கை நடுக்கம் நிற்கவில்லை.