காலித் தொட்டியில் நின்ற பச்சைச் சீட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் மூன்று பேரும் சுகம். மூன்று பேரும் என்பதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போ. இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் நீ பயந்துவிடுவாய், அப்போது இந்த வரிக்குத் திரும்பி வந்துவிடு. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் நின்றதா? குழந்தையோடு இருக்கிற மாதிரி வீடு ஏதாவது அமைந்ததா?

உன் பால்கனியில் என்ன பழச்செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார், பிறகு கடைக்குப் போ. நாலு மணி நேரம்தான் என்றால் ஸ்ட்ராபெரியோடு நிறுத்திக்கொள், பெரிய தொட்டியும் ஆறு மணி நேர வெயிலும் இருந்தால் ஒரு அத்தி வைக்கலாம். காய்த்துத் தொங்குவதைப் பார்த்து மயங்கி வாங்காதே, அதெல்லாம் கடைக்காரன் காட்டும் பகட்டு, வீட்டுக்கு வந்ததும் உதிர்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் எந்தப் பழத்தைத் தின்பீர்களோ அதை மட்டும் வை. இங்கே நாங்கள் வைத்ததும் அப்படித்தான். குழந்தையை விட்டுப் போகும்போது, பழம் என்றாலே வாயை இறுக்கிக்கொள்கிறாள், தானே பறித்தால் தின்பாளோ என்னவோ என்று சொன்னாயே, அதற்காகத்தான் பின்பக்கத்தைச் சுத்தம் செய்தோம். உன் அம்மாவுக்கு மாமரம் வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மாவை வைத்தால் வேர் தொட்டியைப் பிளக்கும், அது காய்ப்பதற்குள் பேத்தி கல்லூரிக்குப் போய்விடுவாள் என்று அடித்துப் பேசி, குழந்தை கைக்கு எட்டுகிற மாதிரி ஒட்டுக் கொய்யா ஒன்று, ஸ்ட்ராபெரி மூன்று தொட்டி, எதிர்வீட்டுத் தையல்காரர் கொடுத்த மல்பெரிக் குச்சி ஒன்று என்று முடித்தேன். எலுமிச்சை முள் என்பதால் அம்மா தள்ளிவிட்டாள், அது சரிதான்.

இனிதான் விஷயம். உன் அப்பாவுக்குச் சீட்டு எழுதாவிட்டால் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் வேறென்ன செய்தேன்? குழந்தைக்குப் படிக்கத் தெரியாதே என்று, தின்னலாம் என்றால் பச்சைச் சீட்டு, தொடக்கூடாது என்றால் சிவப்புச் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் கட்டினேன். அவளும் நீதிபதி மாதிரி சீட்டைப் பார்த்துத்தான் கை வைப்பாள். மல்பெரி தொட்டியில் வேர் பிடித்ததும் அதைத் தரைக்கு மாற்றி, அங்கே புதுச் சீட்டு கட்டினேன். தொட்டியில் இருந்த பழைய பச்சைச் சீட்டைக் கழற்றவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான். அலமாரித் தட்டு காலியானாலும் சீட்டைக் கிழிக்கக்கூடாது, கிழித்தால் அடுத்த சரக்கு இடம் மாறி உட்காரும் என்பது கிடங்கு வழக்கம், அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்தக் காலித் தொட்டியில் ஏதோ குருவி போட்ட விதை முளைத்தது. மிச்ச வேர் துளிர்த்திருக்கிறது என்று நானும் தண்ணீர் ஊற்றினேன். பிறகு முட்டி வலியில் நான் ஒரு மாதம் பின்பக்கப் படி இறங்கவில்லை, அப்போது அது பூத்திருக்கிறது. அம்மாவுக்கு இது மல்பெரிப் பூ மாதிரி இல்லையே என்று தோன்றியதாம், ஆனால் நீங்க எழுதி வச்சா சரியாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன் என்கிறாள். அது உண்ணிச்செடி. வேலியோரத்தில் மானாவாரியாக மண்டிக் கிடக்குமே, அதே.

போன மாதம் முதல் செவ்வாய், காலை பத்து மணி இருக்கும். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உன் மகள் வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்து, தாத்தா, உன் மல்பெரி நல்லாவே இல்ல என்றாள். உதடு கறுப்பாக இருந்தது. மல்பெரிப் பழம் முடிந்து ஒரு மாதமாகிறதே என்று துணியை அப்படியே போட்டேன். தொட்டியைப் போய்ப் பார்த்தேன், கொத்துக் கொத்தாகக் கறுப்பும் பச்சையுமாகக் காய், நடுவே என் கையெழுத்து. ஒரு கிளையை ஒடித்து, சீட்டையும் பிடுங்கிப் பையில் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே காரை எடுத்தார், அம்மா செருப்பு இல்லாமல் ஏறினாள். நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கிளையைப் பார்த்துவிட்டு, பழுத்ததுன்னா பெரும்பாலும் பயமில்ல, பச்சைக்காய்தான் கல்லீரலைப் பதம் பார்க்கும், எதைத் தின்னா என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? குழந்தையையே கேட்டோம். அவள் எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, கறுப்பு ரெண்டு, பச்சையை யாராவது தின்பாங்களா என்றாள். தோசையில் ஒரு கரும்புள்ளி இருந்தால்கூடத் தட்டைத் தள்ளுகிறாள் என்று நீ எத்தனை தடவை அழுதிருக்கிறாய்! அந்தப் பிடிவாதத்துக்குக் கோயில் கட்ட வேண்டும். டாக்டரம்மா அடுத்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்து, இதை யார் எழுதினது என்றார். அந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடந்தவன் நான், நான்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாந்தி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை, நர்ஸிடம் இரண்டு பிஸ்கட் வாங்கித் தின்றாள். மறுநாள் ஒரு ரத்தப் பரிசோதனை, அடுத்த வாரம் ஒன்று, நேற்று மூன்றாவது. எல்லாம் சரியாக இருக்கிறது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா எல்லாம் நல்லபடி என்று சொன்னாள், நான் பேசாமல் தள்ளி நின்றேன். எழுதாதீங்க, அவ அங்க தூங்கமாட்டா என்றுதான் இன்றும் சொன்னாள். பெற்றவளுக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் குழந்தையை என்னால் வளர்க்க முடியாது. நீ இதைப் படித்ததும் குழந்தையை அழைத்துக்கொள்கிறேன் என்றால் மறு பேச்சு பேச மாட்டேன், டிக்கெட் நானே போட்டு நானே கொண்டுவந்து விடுகிறேன். எங்களிடமே இருக்கட்டும் என்றால் அது உன் பெரிய மனசு.

அந்தத் தொட்டியை வேரோடு கொட்டிவிட்டேன். மிச்சச் செடிகளின் சீட்டுகளையும் கழற்றிவிட்டேன், சிவப்புச் சீட்டு கட்டியிருந்த அம்மாவின் அழகுச் செடிகள் எல்லாம் முன்பக்கக் கம்பிக் கதவுக்கு வெளியே போய்விட்டன. முந்தாநாள் கொய்யா ஒன்று பழுத்திருந்தது. உன் மகள் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், சீட்டைக் காணோமே, இப்போ எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவளே யோசித்து, பழத்தை என் கையில் கொடுத்து, நீ முதல்ல தின்னு என்றாள். கடித்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துப் பத்து வரை எண்ணினாள், நடுவில் ஏழை விட்டுவிட்டாள். பிறகு என் எச்சில் பழத்தை வாங்கி, நான் கடித்த இடத்திலேயே வாயை வைத்துக் கடித்தாள். பழம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டாள், தோலைக்கூட விடவில்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். வெந்நீர் குடி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, என்னைக் கூப்பிடு. திட்டுவதானாலும் என்னையே திட்டு, பக்கத்திலேயே நிற்பேன்.

உன் அப்பா